போகோமிர் தேர்ந்தெடுத்த மருத்துவர்

டாக்டர் போகோமிர் போய்ப் பேசாத ஊர் ஐரோப்பாவில் குறைவு. லிஸ்பனில் பேசினார், தாலினில் பேசினார், உட்ரெக்டில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில்கூட இரண்டு பேரைப் பிடித்துவைத்துப் பேசினார். எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். பெரிய ஆஸ்பத்திரி கட்டுவதெல்லாம் அப்புறம். முதலில் ஒவ்வொரு மனிதருக்கும் அவரை அறிந்த ஒரு குடும்ப மருத்துவர் வேண்டும், நோய் முற்றுவதற்கு முன்பே கூப்பிட்டுச் சோதிக்கிற ஒரு நர்ஸ் வேண்டும். கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்லோவேனியாவில் கிர்கா ஆற்றங்கரையில் இருக்கும் தன் சின்னச் சுகாதார நிலையத்துக்குத் திரும்புவார். வந்ததும் ஒரு தலைவலி மாத்திரை.

வசந்தம் தொடங்கியதிலிருந்து காலையில் பின்மண்டை கனத்துக்கொண்டிருந்தது. விமானப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். விமானம் ஏறாத மாதங்களிலும் வலித்தது. அதற்கு மலைக்காற்று. அவருடைய அப்பா இதே ஐம்பத்தெட்டு வயதில்தான் திராட்சைத் தோட்டத்தில் சரிந்து, வாய் கோணி, பேச்சு போய், ஒரு வாரம் தாண்டவில்லை. அது நினைவுக்கு வரும் நாட்களில் போகோமிர் இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்வார். இப்படி ஒரு நோயாளி வந்து சொல்லியிருந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று திட்டியிருப்பார் என்பதும் அவருக்குத் தெரியும்.

நவம்பரில் விருந்தாளிகள் வந்தார்கள். போர்ச்சுகலிலிருந்து டாக்டர் கிராசா, லிதுவேனியாவிலிருந்து ரிமான்தாஸ், ஹாலந்திலிருந்து வாசல் நிலையில் குனிந்து நுழைய வேண்டிய உயரத்தில் வீபெ. நர்ஸ் மெதோடா நடத்தும் தடுப்புப் பரிசோதனையைப் பார்த்து, பிடித்திருந்தால் தங்கள் நாடுகளிலும் தொடங்குவதாகத் திட்டம். அதற்கென்று ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஸ்லாவ்கோவை ஏற்பாடு செய்திருந்தார் போகோமிர். ஸ்லாவ்கோ கூப்பிட்டால் வருவார், சொன்னதைச் செய்வார், அவருடைய ரத்த அழுத்தம் பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி இருக்கும். நேர்மையான மருத்துவத்துக்கு இவ்வளவு ஒத்திகை எதற்கு என்று போகோமிர் தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு இன்னொரு தடவை ஒத்திகை பார்த்தார்.

"ஸ்லாவ்கோ வரலையாம் டாக்டர்," என்றாள் மெதோடா, விருந்தாளிகள் காபி குடித்து முடிக்கும் நேரத்தில். "வீட்ல இன்னைக்குப் பன்னி அடிக்கிறாங்களாம். உங்களுக்குத் தொத்திறைச்சி தனியா எடுத்து வைக்கிறாராம், கோவிச்சுக்க வேணாம்னார்."

"அந்தப் பன்னிக்கு வேற நாளே கிடைக்கலையா?"

"மாப்பிள்ளைக்கு இன்னைக்குத்தான் லீவாம்."

மூன்று நாடுகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. போகோமிர் சட்டைக் கையை மடக்கிவிட்டார். "அதனால என்ன, நானே நோயாளி. நல்லா நடிப்பேன், பாருங்க," என்று நாற்காலியில் உட்கார்ந்தார். நடிக்கப் போவதாகத்தான் நினைத்தார் பாவம்.

மெதோடா எல்லாரிடமும் கேட்பதைப் போலவே கேட்டாள். கடைசியாக எப்போது பரிசோதனைக்கு வந்தீர்கள்? வந்ததே இல்லை. ஏன்?

"நேரம் கிடைக்கல."

ரிமான்தாஸ் சிரித்தார். "எங்க ஊர்லயும் அச்சு அசலா இதையேதான் சொல்றாங்க. பிரமாதமா நடிக்கிறீங்க."

"வாரத்துக்கு எத்தனை கிளாஸ் ஒயின்?" என்றாள் மெதோடா.

"சாப்பாட்டோட ஒண்ணு. அதுவும் எப்பவாவது. நம்ம ஊர் ஒயின்தானே, அது மருந்து மாதிரி."

வீபெ தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார். "மன்னிக்கணும். உட்ரெக்ட்ல நீங்க பேசினப்ப, நோயாளி சொல்ற கணக்கை ரெண்டால பெருக்கணும்னு சொன்னீங்க. இதைப் பெருக்கணுமா?"

"பெருக்குங்க," என்றாள் மெதோடா, போகோமிர் வாயைத் திறப்பதற்குள்.

கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள். இயந்திரம் இறுக்கியது, முனகியது, விட்டது. மெதோடா திரையைப் பார்த்தாள். மேலே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, கீழே நூற்றுப் பதினாலு. அறையில் அதுவரை இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றார் போகோமிர்.

வேறு இயந்திரம் வந்தது. அதிலும் அதே கதை, கொஞ்சம் கூடவே.

"இத்தனை பேர் சுத்தி நின்னு பார்த்தா யாருக்குத்தான் ஏறாது? இப்பத்தான் காபி குடிச்சேன். காலையில மாடிப்படி வேற." சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் குரல் தன் காதில் விழுந்தது. முப்பது வருஷமாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுச் சலித்த வசனங்கள். ஒன்றுகூடச் சொந்தச் சரக்கில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் பட்டை இன்னும் கையில் இருந்தது.

"இவ்வளவு இருந்தா உங்க டாக்டர்கிட்ட இன்னைக்கே அனுப்பணும். அதுதான் விதி," என்றாள் மெதோடா. விதியை எழுதியவர் யாரென்று அவள் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டினாள். தேர்ந்தெடுத்த மருத்துவர் என்ற இடத்தில் போகோமிர் என்றே இருந்தது.

ஆளாளுக்கு ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுத்துப் பதியும் ஏற்பாடு புதிதாக வந்தபோது, வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் பெயரையே தட்டிப் பார்த்தார். வேலை செய்தது. அப்புறம் மாற்ற மறந்தார். அப்புறம் மாற்றாமலிருப்பதே வசதியாகப் போயிற்று. தன் டாக்டர் திட்டமாட்டார், காக்கவைக்கமாட்டார், கேட்ட மாத்திரையைக் கேட்டபடி கொடுப்பார். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு மருத்துவர் என்று ஊர் ஊராகப் போய் முழங்கியவருக்கு ஒரு மருத்துவர் இல்லை. விருந்தாளிகள் முன்னால் அசடு வழிந்தார்.

கிராசா மட்டும் மெதுவாகக் கேட்டார். "சரி, அந்த டாக்டர் என்ன சொல்றார்?"

போகோமிருக்கு அப்பாவின் கோணிய வாய்தான் கண்ணுக்கு முன் வந்தது. பயமாக இருந்தது. நடிப்பில்லாத, வெறும் பயம்.

எழுந்து நடைக்கு வந்தார். எதிர் அறை டாக்டர் ததேயாவுடையது. நிலையத்தில் இருக்கும் இன்னொரு மருத்துவர், அவரைவிட இருபது வயது இளையவர். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "புதிய நோயாளிகள் சேர்க்கப்படமாட்டார்கள்." கீழே கையெழுத்து, நிலையத்தின் இயக்குநர் போகோமிர். 'ர்' கொஞ்சம் நீட்டி, அழகாகத்தான் போட்டிருந்தார்.

"கடைசி ஆள் யாருன்னு கேட்டுட்டு உக்காரணும் டாக்டர்," என்றார் பெஞ்சிலிருந்து தபால்கார யுஸ்தினா. போன மாதம்தான் உப்பைக் குறைக்கச் சொல்லி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"கடைசி ஆள் யாரு?"

"நான்தான். உங்களுக்கு என்ன?"

"பிரஷர்."

"உப்பைக் குறைக்கணும்," என்றார் யுஸ்தினா. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. போகோமிரும் சிரித்தார், சிரித்ததில் பின்மண்டை விண்ணென்றது. விருந்தாளிகள் கதவோரம் நின்று பார்த்தார்கள். வீபெ எதையோ எழுதிக்கொண்டார். ஐரோப்பாவின் ஆரம்ப சுகாதாரம் இப்படித்தான் முன்னேறப் போகிறதென்றால் முன்னேறட்டும் என்று போகோமிர் விட்டுவிட்டார்.

அவர் முறை வந்தது. ததேயா வியப்பு காட்டவில்லை. உள்சுவர் மெல்லியது, எல்லாம் கேட்டிருக்கும்.

"என்கிட்ட இடமில்லைன்னு கதவுல நீங்கதானே ஒட்டினீங்க?"

"நான்தான்."

"ஒரு இடம் இருக்கு. போன வாரம் காலியாச்சு."

"யாராவது ஊர் மாறிட்டாங்களா?"

"இல்ல. இறந்துட்டார். மரக்கடைக்காரர். வலியெல்லாம் ஒண்ணுமில்ல, வேலைக் களைப்புன்னே சொல்லிக்கிட்டிருந்தார்."

மருத்துவர்களின் நோயாளிப் பட்டியலில் இடம் காலியாகும் வேகத்தைப் பற்றி போகோமிர் தாலினில் வண்ண வண்ணமாகப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தப் படத்தில் மரக்கடைக்காரர் இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவலி உண்டா?" என்றார் ததேயா.

"எப்பவாவது." சொன்ன நிமிஷமே தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல. தினமும். வசந்த காலத்திலேர்ந்து தினமும். எங்கப்பா இதுலதான் போனார். எனக்குப் பயமா இருக்கு."

ததேயா மெதுவாகத் தட்டச்சு செய்தார். "டாக்டரை மாத்துறதுக்குக் கம்ப்யூட்டர் காரணம் கேக்குது. உங்க பழைய டாக்டர்கிட்ட என்ன குறை?"

போகோமிர் யோசித்தார்.

"குறைன்னு சொல்லக்கூடாது. ரொம்ப நல்லாப் பேசுவார். அவர் பேசறதைக் கேக்க வெளிநாட்டிலேர்ந்தெல்லாம் வராங்க," என்றார். "நான் சொல்றதைத்தான் அவர் ஒருநாளும் கேட்டதில்ல."

"சட்டைக் கையை மடக்குங்க," என்றார் ததேயா. ஏற்கெனவே மடக்கித்தான் இருந்தது. போகோமிர் கையை நீட்டினார்.