சுவிட்சைத் தொடாத ஓதம்

அண்ணன் "வாம்மா" என்று கூப்பிட்டபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பிறந்ததிலிருந்து அவன் வாயில் அவளுக்குப் பெயர் "ஏய்". கோபம் வந்தால் "ஏய் காலேஜ்". அப்பாவின் சாவுக்கு அவள் அலறியடித்து வந்து நின்றபோதுகூட, "ஏய், செருப்பை அந்தப் பக்கம் விடு" என்றுதான் சொன்னான். அப்படிப்பட்டவன் வாசலுக்கே வந்து, பல்லெல்லாம் தெரிய, "வாம்மா, வெயில்ல வந்திருக்கே, உள்ள வா" என்றால் யாருக்குத்தான் உறுத்தாது?

அப்பா போனதிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு. உள்ளே அண்ணி, அடுத்த தெருவில் இருக்கும் தங்கள் வீட்டிலிருந்து போட்டுக் கொண்டுவந்த காபியோடு நின்றாள். சர்க்கரை சரியாக இருந்தது. அதுவும் அவளுக்கு நல்லதாகப் படவில்லை.

அப்பாவின் நாற்காலியில் தரகர் உட்கார்ந்திருந்தார். மடியில் தோல்பை, வாயில் நொடிக்கொரு "சகோதரி".

"சகோதரி படிச்சவங்க, அவங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்? இந்த மாதிரி பார்ட்டி திரும்ப அமையாது. வெளியூர்க்காரர். வீட்டைப் பார்க்கக்கூட வரலை, என் வாய்ச்சொல்லை நம்பி வாங்கறார்."

"பார்க்காம யாருங்க வீடு வாங்கறா?" என்றாள் அவள்.

"அதான் நம்பிக்கைங்கறது சகோதரி."

நம்பிக்கை என்ற சொல்லை ஒருத்தர் தானாக எடுத்து மேசைமேல் வைத்தால் அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஹாஸ்டல் வாழ்க்கை கற்றுக்கொடுத்தது அது. நாலு பேர் படுக்கும் அறையில், அலமாரிக் கதவைத் துணியால் கட்டி மூடிவிட்டு வேலைக்குப் போய் வருகிறவள் அவள். இந்த வீட்டில் தன் பாதி கைக்கு வந்தால், ஒரு சின்ன இடம். தானே பூட்டி, தானே திறக்கிற ஒரு கதவு. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அது கிடைப்பதும் கிடைக்காததும் இந்த வீடு என்ன விலைக்குப் போகிறது என்பதில் இருந்தது.

அப்பா பெயின்டர். ஊரார் வீட்டுக்கெல்லாம் வெள்ளையடித்து, மிச்சப்பட்ட டப்பாக்களை வைத்துத் தன் வீட்டுக்கு அடித்துக்கொண்டவர். அதனால் இந்த வீட்டில் இரண்டு சுவர் ஒரே நிறத்தில் இருக்காது. அண்ணனும் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு அவர் பின்னாலேயே சாரத்தில் ஏறியவன். வீட்டை இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதி என்று அப்பா உயில் எழுதியிருந்தார். அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை, குத்துக்கல்லாட்டம் மகன் இருக்கும்போது, மகள் பேரில் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு வரி அண்ணன் தொண்டையில் முள்ளாய் நின்றது.

உயில் செல்லும் என்று கோர்ட் புரோபேட் கொடுக்க வேண்டும். மனு நடந்துகொண்டிருந்தது. அவளுடைய வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முதல் நாளே சொல்லியிருந்தார்: "அது வர்ற வரைக்கும் விக்க முடியாதும்மா. வந்தப்புறம் விக்கறேன்னு ஒப்பந்தம் வேணா போட்டுக்கலாம். ஆனா ஒண்ணு. அடிமாட்டு விலைக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்குப் பதில் சொல்லப்போறது நீ. உங்கண்ணன் இல்லை."

இப்போது அந்த ஒப்பந்தம்தான் தரகரின் தோல்பைக்குள் இருந்தது.

"விலை ரொம்பக் கம்மியா இருக்கே," என்றாள் அவள், வாங்கிப் படித்துவிட்டு.

தரகர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி காபி டம்ளரைப் பார்த்தாள்.

"வா, காட்டறேன்," என்றான் அண்ணன். குரல் செத்த வீட்டுக் குரலாக மாறியிருந்தது. "அப்பா ரூமுக்கு வா."

அப்பாவின் அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டில் இருந்த இடத்துக்கு மேலே, சுவர் பாதிக்கு ஈரம் கசிந்து ஓதம் ஏறியிருந்தது. பழுப்பும் கறுப்புமாய்த் திட்டுத் திட்டாய், ஓரங்களில் வெள்ளை பூத்து, அங்கங்கே தோல் உரிந்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. போன மாதம் அப்பாவின் துணிமணியை எடுக்க வந்தபோது இந்தச் சுவர் இப்படி இல்லையே?

"இந்த மழைக்கு வந்தது," என்றான் அண்ணன், அவள் கேட்காமலே. "உள்ளுக்குள்ள செங்கல்லே போயிடுச்சு. நான் எத்தனை சுவர் பார்த்திருக்கேன். இடிச்சுத்தான் கட்டணும்."

"இந்தச் சுவர் ஒண்ணே பாதி விலையைத் தின்னுடும் சகோதரி," என்றார் தரகர். "பார்ட்டிக்கிட்ட நான் மறைக்கலை. மறைக்கறது எனக்குப் பழக்கமில்லை."

"பாவம் அவ, நம்பமுடியாம நிக்கறா பாருங்க," என்றாள் அண்ணி. "போட்டுடும்மா. இருக்க இருக்க வீடு இன்னும்தான் உளுத்துப் போகும். வீட்டைப் பூட்டி வெச்சுக்கிட்டு கோர்ட்டையே பார்த்திட்டிருந்தா அது என்ன சோறா போடும்?"

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? அவள் யோசித்தாள். குளியலறை இல்லை, தொட்டி இல்லை, குழாய் இல்லை. பக்கத்து அறை. மாடியும் கிடையாது. ஆனால் அவள் என்ன கண்டாள்? ஓதம் எந்த வழியாக ஏறும் என்று எந்தக் காலேஜில் சொல்லித்தருகிறார்கள்? சாரத்தில் நின்றவன் சொல்கிறான். ஒருவேளை நிஜமாகவே இருக்குமோ? தனக்குத்தான் எதைப் பார்த்தாலும் திருட்டுத்தனமாகத் தெரிகிறதோ? ஹாஸ்டல் அறையில் சீப்பு காணாமல் போனாலே மூன்று பேரையும் நிற்கவைத்துக் கேட்கிறவள்தானே.

"பேனா இந்தாம்மா," என்றான் அண்ணன்.

மறுபடியும் "அம்மா"!

"இருட்டா இருக்கு. இன்னொரு தரம் படிச்சிடறேன்," என்று சொல்லி அவள் லைட்டைப் போடக் கையை நீட்டினாள்.

விரல் சுவிட்சின்மேலேயே நின்றுவிட்டது.

சுவிட்ச் பலகை அந்த ஓதத்துக்கு நட்டநடுவில் இருந்தது. பலகை மட்டும் பளிச்சென்று வெள்ளையாய். அதைச் சுற்றி நாலு பக்கமும் விரற்கடை அகலத்துக்குச் சுவர் பழைய நிறத்தில் சுத்தமாய். அதற்கு அப்பால்தான் பழுப்பு. ஏறிவந்த ஓதம் பலகைப் பக்கம் வந்ததும் அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் மரியாதையாய் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு மேலே போயிருந்தது.

அவளுக்கு அப்பாவின் குரல் கேட்டது. ஒரு தடவை ஏதோ பெரிய வீட்டில் சுவிட்சில் பெயின்ட் பட்டுவிட்டதென்று அந்த வீட்டுக்காரர் அவரை வேலையாட்கள் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். அன்றிலிருந்து அப்பா பிரஷைத் தொடுவதற்கு முன் டேப்பை எடுப்பார். சுவிட்சைச் சுற்றி ஒட்டாமல் ஒரு சுவரில் கைவைத்தால் அண்ணனின் காது சிவந்துவிடும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அவனுக்கு அந்தப் பயம் போகவில்லை. தன் வீட்டுச் சுவரை நாசம் பண்ணும்போதும் கை தானாக டேப்பை எடுத்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபம் வந்தது.

"அண்ணி, ஒரு ஈரத்துணி குடுங்க."

"எதுக்கு?"

"காபி சிந்திடுச்சு."

சிந்தவில்லை. துணியை வாங்கி அவள் நேரே சுவரில் வைத்து அழுத்தித் துடைத்தாள். பழுப்பு கரைந்து துணியில் வந்தது. அதன் கீழே அப்பா அடித்த பச்சை, மழையும் காணாமல் மண்ணும் காணாமல், குழந்தையைப் போலக் கண்ணைத் திறந்தது.

தரகர்தான் முதலில் சுதாரித்தார். "எனக்குத் தெரியாது சகோதரி. நான் பார்த்ததைத்தான் சொன்னேன்," என்று தோல்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"என்ன டிஸ்டெம்பர் இது?" என்று அவள் அண்ணனைக் கேட்டாள். "கலவை நல்லா வந்திருக்கு. தோல் உரிஞ்ச மாதிரி எப்படிப் பண்ணினே? பட்டி பூசிச் சுரண்டினியா?"

"வாயை அளந்து பேசு."

"ஊர்ல உள்ளவன் ஓட்டைச் சுவரை நல்ல சுவராக் காட்ட உன்னைக் கூப்பிடறான். நீ நல்ல சுவரை ஓட்டையாக் காட்டறே. அப்பா இருந்திருந்தா உன் கைவேலையைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்."

"ஏய்!"

"அப்பாடா. இப்பதான் எங்கண்ணன் பேசறான்."

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? வீடு வெளியாளுக்கா போகுது? என் தம்பி பேர்ல இருந்தா என்ன, நாங்க இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அண்ணிக்கே உறைத்தது. வெளியூர்ப் பார்ட்டி யார் என்று இனி ஒருத்தரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தரகர், "நான் வெளியில இருக்கேன்," என்று சொல்லி, வெளியில் இருக்காமல் தெருவைத் தாண்டிப் போய்விட்டார்.

அண்ணன் கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"நீ காலேஜ்ல உட்கார்ந்திருந்தப்ப நான் சாரத்துல நின்னேன்டி," என்றான். "உன் ஃபீஸ் எல்லாம் இந்தக் கையிலேர்ந்து போனதுதான். இந்த வீட்டுக்குச் சாந்து குழைச்சது நான். கடைசியில உயிலை நிறைவேத்தறவன்னு என் பேரை எழுதியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? ஒரு பேரு. அதுகூட எனக்கில்லையா?"

அது உண்மைதான். அவளுக்கும் தெரியும். அந்த உண்மையை அவன் இன்னொரு நாளில், இன்னொரு சுவரின் முன்னால் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள்.

"சாந்து குழைச்சே, சரி. அதுக்கு நான் காலம்பூரா தலையைக் குனிஞ்சே நிக்கணுமா? வீடு வேணும்னா வேணும்னு கேட்டிருக்கலாமே. என் பாதியை மெதுவா, முடிஞ்சப்பக் குடுன்னு சொல்லியிருப்பேன்."

அவன் நிமிர்ந்தான். "நிஜமாவா?"

"சொல்லியிருப்பேன். இனிமே சொல்ல மாட்டேன்."

ஒப்பந்தத்தை அவள் கிழிக்கவில்லை. நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். வக்கீலம்மாவுக்குக் காட்ட வேண்டும். "புரோபேட் வரட்டும். பத்திரிகையில விளம்பரம் குடுத்துத்தான் விப்பேன். நீயும் வா, உன் மச்சானையும் கூட்டிட்டு வா. எல்லாரையும் போல விலையைச் சொல்லுங்க."

"அண்ணன்னு ஒரு இது இல்லை?" என்றாள் அண்ணி.

"இருக்கு. அதனாலதான் இது போலீஸ் வரைக்கும் போகலை. அண்ணா, சுவரைப் பழையபடி ஆக்கு. இந்த வீடு எப்படி இருந்ததோ அப்படியே வெச்சிருக்க வேண்டியது என் பொறுப்பு."

"நாளைக்குப் பண்றேன்."

"இப்ப பண்ணு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனான். அப்பாவின் டப்பாக்கள் அங்கேதான் அடுக்கியிருந்தன. அந்த நேரத்தில் அவள் சமையலறைக்குப் போனாள். அடுப்புக்கு மேலே ஒரு விரிசல். அவள் மூன்றாவது படிக்கும்போது வந்தது. அதில் எறும்பு போவதை எண்ணிக்கொண்டே வாய்ப்பாடு படித்திருக்கிறாள். அது தெரிந்தும் துணியை எடுத்து அந்த விரிசலைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தாள்.

"அது அப்பா காலத்து விரிசல்," என்றான் அண்ணன், பின்னால் டப்பாவோடு நின்று.

"தெரியும்."

தெரிந்தும் தேய்த்தாள் என்பதை அவனும் பார்த்துவிட்டான். இரண்டு பேரும் அப்பாவின் அறைக்குத் திரும்பினார்கள்.

அவன் சுவரைக் கழுவினான், உப்புத்தாள் போட்டான், பிரஷை நனைத்தான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு பிரஷைக் கீழே வைத்துவிட்டு டேப்பை எடுத்து, சுவிட்சைச் சுற்றி நாலு பக்கமும், நகத்தால் நீவி நீவி ஒட்டினான்.

அவள் அப்பாவின் நாற்காலியை இழுத்துவந்து அறை வாசற்படிக்கு நேரே போட்டுக்கொண்டாள்.

"நீ கிளம்பேன். உனக்கு லேட்டாகலை?" என்றான் அவன் சுவரைப் பார்த்தபடியே. "நான் பார்த்துக்கறேன்."

"நீ பார்த்துக்கிட்டதைத்தான் பார்த்தேனே."

முதல் கைப் பூச்சு காய்ந்து, இரண்டாம் கைப் பூச்சும் காயும் வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. காய்ந்ததா என்று அவன் சொன்னதையும் நம்பவில்லை. எழுந்து போய்த் தன் விரலாலேயே தொட்டுப் பார்த்துவிட்டு, அவனிடமிருந்த வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கினாள். எல்லாரும் வெளியே வந்ததும் வாசல் கதவைப் பூட்டினாள். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். நாலு எட்டு வைத்தவள் திரும்பிவந்து, அவன் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.