ஞானஸ்நான விருந்தில் வந்த நல்ல செய்தி

ஏபலுக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவான். ஆட்டிசம் என்று தெரிந்தபின் ரோஸிலிக்கு அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். சாயங்காலமானால் சோபாக் கைப்பிடியில் வயிற்றை அழுத்திக் குப்புறத் தொங்கியபடி அலறுவான். தூக்கப் போனால் கடிப்பான்.

"செல்லம் குடுத்தே கெடுத்துட்டே" என்பாள் நாத்தனார் த்ரேஸ்யா. பள்ளிக்கூடத்திலோ, இந்தக் குழந்தைகள் இப்படித்தான் என்றார்கள். ரோஸிலியும் நம்பினாள்.

புதிதாகப் பார்த்த டாக்டரம்மாதான் சோபா விஷயத்தைக் கேட்டதும் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அடிவயிறு கல்லாக இருந்தது.

"வெளிக்கு ஒழுங்காப் போறானா?"

"தினமும் போறானே டாக்டர், தண்ணியா."

"உள்ளே அடைச்சுக்கிட்டு ஓரமாக் கசியுதும்மா. சேட்டை இல்ல, வலி. இந்த மாதிரிப் புள்ளைங்கள்ல நிறையப் பேருக்கு வயித்துக் கோளாறு உண்டு. சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்."

வீடு திரும்பும்போது ரோஸிலி அழுதாள். "நாள் தவறாம சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கான். நமக்குத்தான் காது அடைச்சிருந்தது" என்றான் அவள் கணவன் வர்க்கி.

மருந்தைத் தேங்காய்ப்பாலில் கலந்து கொடுத்தார்கள். மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்துத் துப்பினான். அவனுடைய நீலத் தம்ளரில் தண்ணீரோடு கொடுத்தபோது குடித்தான். கக்கூஸில் கால் ஊன்ற முக்காலி போட்டார்கள். ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயந்து அவன் உள்ளே போகாமல் அடக்கிக்கொண்டிருந்தான் என்பது அப்புறம்தான் புரிந்தது. அன்றிலிருந்து வாளித் தண்ணீர்தான்.

அடைப்பு மெல்ல இளகி வந்த சமயத்தில் வர்க்கியின் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். விருந்து இவர்கள் வீட்டில். பந்தி நடந்துகொண்டிருக்கையில் ஏபல் வந்து ரோஸிலியின் கையைப் பிடித்தான். நேரே கக்கூஸுக்கு இழுத்துப்போனான். தானாகவே ஏறி உட்கார்ந்தான். முகம் சிவக்க முக்கினான். பிறகு பெருமூச்சு விட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

விருந்தாளிகள் இருப்பதையே மறந்து ரோஸிலி கத்தினாள். "சேட்டா! போயிட்டான்! முழுசாப் போயிட்டான்!"

கையில் கரண்டியோடு ஓடிவந்தான் வர்க்கி. "எவ்வளவு?"

"கப்பக்கிழங்கு அளவுக்கு!"

பந்தியில் பங்குச் சாமியார் கையில் அப்போது கப்பக்கிழங்குதான் இருந்தது. அதை மெதுவாக இலையில் வைத்தார். "தெய்வத்துக்கு ஸ்தோத்திரம்" என்றார். பந்தியே சிரிப்பில் குலுங்கியது. சிலர் கைதட்டப் போனார்கள்.

"கைதட்டாதீங்க, சத்தம் ஆகாது அவனுக்கு!" என்று வர்க்கி பதறினான். அத்தனை பேரும் எச்சில் கைகளை உயர்த்திச் சத்தமில்லாமல் ஆட்டினார்கள். த்ரேஸ்யாவும் ஆட்டினாள்.

"எனக்கென்னடி தெரியும், புள்ள வலியில துடிச்சிருக்கான்னு" என்றாள் ரோஸிலியிடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எனக்கே தெரியலியே சேச்சி."

ஏபல் கழுவிக்கொண்டு நிஜார் போடாமலேயே பந்திக்குள் நடந்து வந்தான். ஆப்பம், பன், பால் தவிர வேறெதையும் தொடாதவன், த்ரேஸ்யாவின் இலையிலிருந்த அவித்த நேந்திரம்பழத் துண்டை எடுத்தான். மோந்தான். நக்கினான். திரும்ப வைத்தான்.

"தின்னு மோனே—"

"சேச்சி, சும்மா இரு!" என்றான் வர்க்கி.

ஏபல் மறுபடியும் எடுத்து நக்கினான். பாயசம் பரிமாற யாருக்கும் நினைவில்லை.