ஏரம்பு சமைத்த கிழமை

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீரூற்றில் சிவனேஸ்வரிக்கு நாள் முந்தியே பிரசவ நோக் கண்டுவிட்டது. மருத்துவிச்சி வந்து ஆண்பிள்ளையொன்றைப் பெறுவித்து, தாயையும் பிள்ளையையும் துடைத்துப் படுக்கவைத்துவிட்டு, தன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறதென்று அவசரமாகத் திரும்பிப் போனாள். பிள்ளைப்பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய தமக்கை இரஞ்சிதம் வந்து சேரவில்லை. பரந்தன் றோட்டில் மதகு உடைந்து பஸ் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். அயலில் இருந்த சொந்தக்காரர் எல்லாரும் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

குசினிக்குள் போய்ச் சமைப்பதற்கு சிவனேஸ்வரியின் புருஷன் ஏரம்புவைத் தவிர வேறு ஆளில்லை.

ஏரம்பு நல்ல கமக்காரன். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே எப்போது உழலாம் என்று சொல்லிவிடுவான். ஆனால் தண்ணீர் விடாய்த்தால் "இஞ்சாரும்" என்று கூப்பிட்டுச் செம்பை வாங்கிக் குடிக்கிறவன். சொந்த வீட்டுக் குசினியில் உப்பு எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. சிவனேஸ்வரியோ பிள்ளை பெற்ற துடக்குக் கழியும்வரை குசினி வாசலை மிதிக்கக்கூடாது. மகள் அருந்ததி இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். போதாதற்கு, வயற்காவலுக்குப் போயிருந்த ஏரம்புவின் தம்பி சிற்றம்பலமும் குடில் சரிந்துவிட்டதென்று நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்திருந்தான். அவனுக்குப் பசி பொறுக்காது.

முதல் நாள் சோறு மேலே அரிசியாகவும் அடியிலே கரியாகவும் இருந்தது. விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதி ஏரம்புவின் கண் சிவந்துவிட்டது. குசினிக்கும் அறைக்கும் நடுவே ஒரு கிடுகுத் தட்டிதான். அந்தப் பக்கம் படுத்திருந்த சிவனேஸ்வரி, உலை கொதித்த பிறகு அரிசியைப் போடுங்கோ, விறகைக் கொஞ்சம் வெளியிலை இழுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் ஏரம்பு "தெரியும்" என்றான். மத்தியானம் சிற்றம்பலம் ஒரு வாய் வைத்துவிட்டு, தன் குடில் இன்னும் முழுதாகச் சரியவில்லை, திரும்பிப் போய்விடலாமா என்று அருந்ததியிடம் யோசனை கேட்டான். அவள் சிரித்தாள். ஏரம்பு சிரிக்கவில்லை. அடுத்த நாள் தொடக்கம் அவன் "தெரியும்" என்பதை விட்டுவிட்டு, தட்டியருகே வந்து நின்று, "இப்ப என்ன போடவேணும்?" என்று கேட்கத் தொடங்கினான்.

பெரிய பாடு சிவனேஸ்வரியின் பத்தியம். பிள்ளை பெற்றவளுக்கு மிளகாயும் புளியும் கொடுக்கமுடியாது. சரக்கு அரைத்துத்தான் கறி வைக்கவேண்டும். அந்தச் சரக்கெல்லாம் இரஞ்சிதத்தின் பையில், உடைந்த மதகுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அடுத்த வளவிலிருந்த கடைக்காரப் பக்கீரின் மனைவி ஜொஹறா, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து பிள்ளை பார்க்க வந்தவள், தங்கள் கடையிலிருந்து மிளகு, மல்லி, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி எல்லாவற்றையும் ஒரு சீலைத்துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். தானே அரைத்துத் தருவதாகவும் சொன்னாள். ஆனால் அவள் வீட்டிலும் வெள்ளத்துக்குத் தப்பி வந்த சனம் நிறைந்திருந்தது ஏரம்புவுக்குத் தெரியும்.

"நான் அரைக்கிறன் ராத்தா. எப்பிடியெண்டு மட்டும் சொல்லுங்கோ."

"வெண்ணெய் மாதிரி வரவேணும் தம்பி. கை நோகுதெண்டு இடையிலை விட்டிடாதையுங்கோ."

கலப்பை பிடித்த கைதான். ஆனால் அம்மி வேறு இடத்தில் நோகச்செய்தது. அன்று அவன் மிளகை அளவுக்கு மேலே வறுத்துவிட்டான். கறி வேப்பம்பட்டை மாதிரிக் கசந்தது. சிவனேஸ்வரி அதைச் சோற்றில் பிசைந்து முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் வைத்தபோதுதான் ஏரம்புவுக்கு விஷயம் விளங்கியது. மறுநாள் விடியவே அவன் குளம் நிரம்பி வான்பாயும் இடத்துக்குத் தூண்டிலோடு போய், நல்ல விராலொன்று கொண்டுவந்தான். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினான். சரக்கைப் பதமாக வறுத்து, அருந்ததி விரலால் தொட்டுப் பார்த்து "காணும் அப்பா, விடுங்கோ" என்று சொல்லும்வரை அரைத்தான். அன்று சிவனேஸ்வரி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.

சட்டியை வழிக்கிற வேலையிலிருந்துதான் இன்னொன்றும் அவனுக்குத் தெரியவந்தது. தம்பிக்கும் மகளுக்கும் பரிமாறி, சிவனேஸ்வரிக்குக் கொடுத்து முடிந்து, தான் சாப்பிடக் குந்தும்போது சட்டியில் குழம்பும் ஒரு மீன்முள்ளும்தான் மிஞ்சும். சிற்றம்பலம் மூன்றாந்தரமும் சோறு வாங்குகிறவன். ஒருநாள் ஏரம்பு வெறுஞ்சட்டியோடு தட்டியருகே வந்து நின்றான்.

"நீர் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானோ சாப்பிட்டனீர்?"

"எப்பிடி?"

"அடிச்சட்டியிலை."

தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. "சிலநாள் நல்ல துண்டொண்டு எனக்கெண்டு ஒளிச்சு வைப்பன். அதைப்பற்றி உங்களுக்கு ஏன்?"

அதற்குப் பிறகு அவன் கூடுதலாக உலை வைத்தான். காலையில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு ரொட்டி சுட்டான். முதலில் சுட்டவை நாலு மூலையாக வந்தன. அருந்ததி அதுதான் வேணுமென்று கேட்டு வாங்கினாள். கூரையில் படர்ந்து கிடந்த பூசணிக்காயை இறக்கித் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினான். முருங்கையிலையைச் சுண்டினான். சிவனேஸ்வரிக்கு உழுத்தம்மாவும் பனங்கட்டியும் போட்டுக் களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்தான். சிற்றம்பலம் பகிடி விடுவதை நிறுத்திவிட்டு, அடுப்பு மேலே பரண் கட்டி விறகு காயவைத்துக் கொடுத்தான்.

வியாழக்கிழமை மழை கொஞ்சம் விட்டது. வயலைப் பார்த்துவரப் போன சிற்றம்பலம் மத்தியானத்துக்கு முன்னமே திரும்பி வந்து, குசினி வாசலில் நின்றான். ஏரம்பு தேங்காய் துருவிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, பள்ளத்து வயல் முழுக்க வெள்ளத்திலை போட்டுது. வரம்புகூடத் தெரியேல்லை."

ஏரம்பு நிமிரவில்லை. வெள்ளைப்பூ முடிந்து சிரட்டைத் தூள் விழத் தொடங்கிய பிறகும் துருவிக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து போய் அரிசி களைந்தான். அன்றைக்குப்போல் அந்தக் கிழமையில் அவன் ஒருநாளும் சமைக்கவில்லை. சோறு, பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய்ப் பொரியல், விரால் சரக்குக்கறி, மற்றவர்களுக்கு உறைப்பாக இன்னொரு கறி. ஒவ்வொன்றையும் இறக்கி வைத்துவிட்டு, அடுத்ததற்கு என்ன செய்யலாமென்று தேடுகிறவன் போல குசினியைச் சுற்றிப் பார்த்தான். எல்லாருக்கும் பரிமாறினான். தனக்குப் பசியில்லை என்று மகளிடம் சொன்னான்.

தட்டிக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"இஞ்சாருங்கோ, உங்கடை சோத்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு இஞ்சை வாங்கோ."

துடக்கு அறைக்குள் இருந்து ஆம்பிளை சாப்பிடுகிறதோ என்று அவன் தயங்கினான். யாராவது கேட்டால் தான் சொல்லிக்கொள்வதாக அவள் சொன்னாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டதில்லை. அவன் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் அவள் குந்துவது வழக்கம். இப்போது நித்திரையாய்க் கிடந்த பிள்ளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தார்கள். அவள் தன் கோப்பையிலிருந்து விரால் நடுத்துண்டை எடுத்து அவனுடைய சோற்றில் வைத்தாள்.

அவன் சாப்பிட்டான். சாப்பிடச் சாப்பிடப் பேச்சும் வந்தது. பள்ளத்து வயலில் நெல் கதிர் கட்டக் குடலை தள்ளத் தொடங்கியிருந்ததையும், போன கிழமை போய்ப் பார்த்தபோது எவ்வளவு செழிப்பாக நின்றதென்பதையும், ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். அவன் சொல்லி முடித்துக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தபோது, அவள் மெல்லச் சொன்னாள்.

"போனது போகட்டும். உங்கடை கையாலை இந்தக் கிழமை இந்த வீட்டிலை ஒருத்தரும் பசி கிடக்கேல்லை. எனக்கு அது காணும்."

திங்கட்கிழமை தண்ணீர் வடிந்தது. இரஞ்சிதம் பாதிவழி பஸ்ஸிலும் மீதிவழி மாட்டுவண்டியிலுமாக, தங்கை எலும்பும் தோலுமாகக் கிடப்பாள் என்று நினைத்து அழுதுகொண்டே வந்து இறங்கினாள். சிவனேஸ்வரி கன்னத்தில் சதை வைத்து எழும்பி இருந்தாள். தமக்கை நம்பவில்லை. யார் சமைத்தது, உண்மையாக யார் சமைத்தது என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். கடைசியில் குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள். உப்பு ஒரு கல்லுக் கூட என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கோப்பையைத் தேடி எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு அங்கேயே குந்திவிட்டாள். வழியில் அவளுக்குச் சாப்பாடே கிடைத்திருக்கவில்லை.

ஏரம்பு அம்மியைக் கழுவி வைத்துவிட்டுத் தம்பியோடு வயலுக்குப் போனான். பள்ளத்தில் சேறுதான் கிடந்தது. மேட்டுத் துண்டில் பயிர் மஞ்சள் பற்றியிருந்தது, ஆனால் நின்றது. ஈரம் காய முன்னம் பள்ளத்தில் பயறு போடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்த வருஷம் நெல் குறைவு. பயறும் மேட்டு நெல்லுமாக ஒருமாதிரிச் சமாளித்தார்கள்.

பக்கீரின் கடையில் வேர்க்கொம்பும் மிளகும் வாங்கப் போனால் ஆட்கள் கொஞ்சக்காலம் ஏரம்புவைப் பகிடி பண்ணினார்கள். அவன் வாங்குகிறதை வாங்கிக்கொண்டு வந்தான். இளையவள் பிறக்கிற நேரம் வெள்ளமும் இல்லை, றோட்டும் நன்றாயிருந்தது. ஆனாலும் அவசரப்படவேண்டாம், பொங்கல் முடிய ஆறுதலாக வரலாம் என்று ஏரம்பு இரஞ்சிதத்துக்குச் சொல்லியனுப்பினான்.