பல்செட்டுக் கதையின் முடிவு

உயிரோடு இருந்தவரை வீட்டில் திறக்காத வாய், செத்தபிறகு மூடமாட்டேன் என்றது. அவள் பழைய துண்டைக் கிழித்து, புருஷனின் தாடையைத் தூக்கிப் பிடித்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள்.

"தங்கமான மனுஷன். ஒரு வார்த்தை அதிர்ந்து பேசியிருப்பானா என் தம்பி?" நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"பேசினாத்தானே அண்ணி, அதிர்றதுக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சு ஒரு 'ம்'தான். அதற்கும் பஞ்சம். சலூனில் நாளெல்லாம் நின்று களைத்து வருகிறவர், தெம்பில்லை போலிருக்கிறது என்று அவளே இருவருக்குமாகப் பேசுவாள். பாத்திரம் தேய்த்தபடி, அவருடைய முதுகிடம்.

வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். தலையில் வலப்பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது, இடப்பக்கம் காடு. காலையில் அவர் தலையில் கத்தரி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் புருஷன் சரிந்து விழுந்தது.

"அண்ணன் இல்லாத சலூனுக்கு இனி எவன் போவான்க்கா? என்ன பேச்சு! வயிறு புண்ணாயிடும் சிரிச்சு."

"யாரு, இவரா?"

"பின்ன? முடி வெட்டிக்கவா வந்தோம், கதை கேக்க வந்தோம். பால்காரர் மாமியாருக்குப் பயந்து தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்தாரே, அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்போம்!"

தொட்டிக்குள் பால்காரரைப் பார்த்தவள் அவள். சொன்னவளும் அவள். அன்றைக்கு இந்த மனுஷன் கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்தார்.

"இன்னிக்கு மாடித் தையல்காரர் கதை. பொண்டாட்டி அவரோட பல்செட்டை ஒளிச்சு வச்சுட்டாளாம். 'அப்புறம்ணே?'ன்னேன். 'மிச்சம் நாளைக்கு'ன்னு சிரிச்சாரு. அப்படியே..." அவர் கை வெட்டாத இடப்பக்க முடியைத் தடவியது.

மிச்சம் புருஷனுக்கு எங்கே தெரியும்? நேற்று அவள் பாதி சொல்லும்போதே குறட்டை வந்துவிட்டது. களவாணிக் குறட்டை. விட்ட இடத்திலிருந்து இவளே தொடங்குவாள் என்ற தைரியம். இருந்திருந்தால் இன்று ராத்திரியும் சுவரைப் பார்த்துப் படுத்து, காதை மட்டும் தீட்டி வைத்திருப்பார். 'அப்புறம்?' என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் தேய்ந்துவிடும். சிரிப்பெல்லாம் சலூனுக்கு, வீட்டுக்கு முதுகு.

"மிச்சம் உங்களுக்குத் தெரியுமாக்கா?"

நாத்தனாரும் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"ம்," என்றாள் அவள்.

காத்திருந்தார்கள்.

துண்டு நெகிழ்ந்து, அவர் வாய் மறுபடியும் லேசாகத் திறந்திருந்தது. அவள் குனிந்து, முடிச்சை அவிழ்த்து, இறுக்கிக் கட்டி, அதன் மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.