தாழ்ந்துபோன வடகிழக்கு மூலை

லேனா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில், மருத்துவமனைக் கதவு திடீரென்று சாத்த வராமல் போயிற்று. நர்ஸ் மார்ஃபா அடிப்பக்கத்தை இழைத்துப் பார்த்தாள். பிறகு சுவரிலேயே விரிசல் ஓடவும், தன் பள்ளித்தோழி அய்தலீனாவைப் பட்டணத்திலிருந்து வரவழைத்தாள். அந்தக் கட்டடத்தை வடிவமைத்த இன்ஜினியர் அவள்தான்.

மார்ச் மாதம் வந்தாள். வடகிழக்கு மூலை நாலு விரல் தாழ்ந்திருந்தது. எங்கள் மண் உறைந்திருக்கும்வரை பாறை, இளகினால் கூழ். அதனால்தான் வீடுகளைத் தூண்கள்மேல் ஏற்றி, அடியில் குளிர்காற்று ஓட இடம் விடுகிறோம். அந்த இடத்தை யாராவது பலகையால் அடைத்திருப்பார்கள், இல்லையென்றால் வெந்நீர்க் குழாய் ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அய்தலீனா உள்ளே ஊர்ந்தாள். பலகை இல்லை. குழாயும் உலர்ந்திருந்தது. மூலையில் பனி குவிந்திருந்தது. பனி எங்கேதான் இல்லை?

மண்ணின் வெப்பத்தை அளந்தாள். மூன்று மூலைகள் கல்லாய் உறைந்திருந்தன. நான்காவது மட்டும் உருகுவதற்குச் சற்றே முன்னால் நின்றது. வெளியே இவ்வளவு குளிர் அடிப்பது இந்த மூலைக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

மத்தியானம் மார்ஃபா வீட்டு ஜன்னலோரம் இருவரும் உறைந்த மீனைச் சீவித் தின்றுகொண்டிருந்தபோது, அந்தப் பனிக்குவியல் பிளந்து மார்ஃபாவின் நாய் சோம்பல் முறித்தபடி வெளியே வந்தது.

“தினமும் அங்கயாடி தூங்குது?”

“ரெண்டு வருஷமா அங்கதான். கூண்டு செஞ்சு குடுத்தும் தொரை உள்ள போக மாட்டேங்குறாரு.”

அய்தலீனா மீனை வைத்துவிட்டு ஓடிப்போய், நாய் படுத்த குழியில் கையுறையைக் கழற்றிக் கைவிட்டாள். குளிர் குத்தவேயில்லை. கனத்த பனி ரஜாய் மாதிரி மண்ணை மூடி, குளிரை உள்ளே விடாமல் தடுத்திருந்தது.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க என்னடி புதுசா கட்டினீங்க?”

மார்ஃபா யோசித்து, வேலியைக் காட்டினாள். படியில் பனி சேராமலிருக்க அவளே நின்று போடவைத்த வேலி. காற்று அதில் தடுக்கி, சுமந்து வந்த பனியையெல்லாம் மூலையில் கொட்டியிருக்கிறது.

“அப்ப, வாசலைக் காப்பாத்தப் போயி மூலைக்குப் போர்வை போத்திவிட்டேனா?”

“காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காம வரைஞ்ச நான் மட்டும் ஒழுங்காக்கும்?”

அன்றே வேலியைப் பிடுங்கிக் குவியலை வாரினார்கள். அடுத்த குளிர்காலத்தில் மூலை மேலும் இறங்கவில்லை. தூண்மேல் இரும்புத் தகடு வைத்து நிமிர்த்தியதும் கதவு சாத்திக்கொண்டது. வாசல் பனியை மார்ஃபா தினமும் திட்டிக்கொண்டே வாருகிறாள்.

அய்தலீனா இப்போது பக்கத்து ஊரில் பள்ளிக்கூடம் கட்டப்போகிறாள். இன்னும் ஒரு கோடுகூட வரையவில்லை. காலி மனையில் நின்று, பனி எங்கே விழுகிறது, எங்கே நிற்காமல் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.