இத்ரூஸின் ஒழுகும் கார்

இத்ரூஸின் வாடகைக் கார் நின்ற இடமெல்லாம் கறுப்பாக எண்ணெய் சொட்டியிருக்கும். ஊருக்கு அது வேடிக்கை; அவனுக்கோ பெருங்கவலை. அலுவிகாரையில் மஸீனாவைப் பெண் கேட்டு ஆளனுப்பியிருந்தான். அவள் வாப்பா அப்துல் ஸமத், புதிதாகச் சிவப்புச் சீமெந்து போட்ட முற்றத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுபவர். பதிலும் அதற்கேற்பத்தான் வந்தது.

"வெள்ளிக்கெழம ஜும்ஆவுக்குப் பொறகு காரோட வரட்டும். எண்ட முத்தத்துல ஒரு சொட்டு விழுந்தா, கல்யாணப் பேச்சு அதோட முடிஞ்சிச்சு."

அவருக்கு ஏன் கோபமென்று இத்ரூஸ் தனக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தான். மஸீனா கிணற்றடிக்கு வரும் நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த குறுகிய ஒழுங்கையில் காரை நிறுத்தி, பழுது பார்ப்பதுபோல் நிற்பான். அடுத்த முறை போனால் எண்ணெய்க் கறைமேல் சாம்பல் கொட்டியிருக்கும். மனுஷன் கண்டுபிடித்துவிட்டார் என்று நடுங்கிப்போவான். நடுங்கினானே தவிர, போகாமல் இருக்கவில்லை.

வெளிநாட்டுச் சாமான் கடைக்கே வராத காலம். மாத்தளைக் கராஜ்காரன் நாகமுத்து எங்கெல்லாமோ அலைந்து ஒரு புதுச் சீல் கொண்டுவந்தான். கியர்பெட்டிக்குப் பின்னால் தேய்ந்து கிடந்த பழைய ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டினான். கார் ஒரு சுற்று ஓடி வந்தது. மறுபடியும் சொட்டு!

நாகமுத்து கியர்பெட்டியின் மேல்புறத்தைத் தடவினான். விரலில் சவர்க்காரம் ஒட்டியது. இத்ரூஸ் நானாவின் பக்கம் திரும்பினான்.

"இது என்னங்க நானா?"

"மேல இருக்கிற ஓட்டையாலயும் எண்ணெ கசிஞ்சிச்சு. பெற்றோல் டாங்கிக்கு வெக்கிற மாதிரி சவுக்காரம் வெச்சு அடச்சேன்."

"கெடுத்தீங்களே! அது பெட்டி மூச்சு விடுற ஓட்டைங்க. சூட்டுக் காத்து மேல போக வழியில்லன்னா, எண்ணெயத் தள்ளிக்கிட்டு சீல் வழியாத்தானே வரும்? ஒங்க மூக்க நான் பொத்தவா?"

ஓட்டையைச் சுத்தம் செய்ததும் சொட்டு நின்றது.

வெள்ளிக்கிழமை கார் முற்றத்தில் ஏறி நின்றது. அப்துல் ஸமத் சாரத்தை மடித்துக் கட்டி, காரின் மறுபக்கமாகக் குனிந்து காருக்கடியில் தலையை விட்டார்.

அப்போதுதான் மஸீனா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். எண்ணெய் சொட்டியிருந்தால் வாப்பா பார்க்குமுன் மறைத்துவிட வேண்டுமென்ற பதற்றம். அவர் குனிந்திருப்பது அவளுக்குத் தெரியாது. தேங்காய்ச் சிரட்டையில் அள்ளிவந்த சாம்பலைக் காருக்கடியில் வீசினாள்.

வாப்பா தும்மிக்கொண்டே எழுந்தார். தாடியெல்லாம் சாம்பல். சிரட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், இத்ரூஸைப் பார்த்தார். இத்தனை நாளும் ஒழுங்கையில் சாம்பல் போட்டது யாரென்று இத்ரூஸுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"கார்ல சொட்டு இல்ல," என்றார் வாப்பா, தாடியைத் தட்டியபடி. "சாம்பலுக்கு இனி வேலயும் இல்ல புள்ள. போய் மருமகனுக்குத் தேத்தண்ணி ஊத்து."