மஸ்கட்டில் இருக்கும் மருமகன்

கொட்டாரத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் சுந்தர்சிங் எங்கே உட்கார்ந்தாலும் முதுகைச் சாய்க்க மாட்டார். ஆலயத்தின் முன்வரிசை பெஞ்சிலும் அப்படித்தான். அன்று சுசீந்திரத்தில் பகவதியப்பன் வீட்டு முன்னறையிலும் அப்படியே அமர்ந்திருந்தார். பக்கத்தில் மகள் ஜெப்சி. அவளுக்கு வாடகைக்குப் பேசிய மாடி வீட்டின் சாவி மேசைமேல் கிடந்தது.

ஜெப்சி தன் கணவன் ஸ்டெனியின் அடி தாங்காமல் முன்பு இரண்டு முறை அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு முறையும் சுந்தர்சிங் சபைக் கமிட்டி ஆட்களை வரவழைத்தார். ஸ்டெனி வேதபுத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். அவரே தன் காரில் மகளைக் கொண்டுபோய் விட்டார். இரண்டாம் முறை விட்டு வந்த பிறகுதான் அவளுடைய இடது மணிக்கட்டு ஒடிந்தது.

மூன்றாம் முறை அவள் அப்பாவிடம் வரவில்லை. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்தாள். நாகர்கோவிலில் பெண்களுக்கான உதவி மையத்தில் தங்க இடம் கொடுத்தார்கள். அங்கிருந்தே கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கினாள், ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலையும் தேடிக்கொண்டாள். மகள் புருஷனை விட்டு வந்தது சுந்தர்சிங்குக்கு அவமானம். தன் வீட்டுக்கு வராமல் போனது அதைவிடப் பெரிய அவமானம். கேட்டவர்களிடமெல்லாம், மருமகன் அவளையும் மஸ்கட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான் என்று சொல்லி வைத்தார். ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஒரு வீட்டு மருமகன் கண்ணில் படவில்லை என்றால் அவன் கல்ஃபில் இருக்கிறான் என்றுதான் இந்த ஜில்லாவில் அர்த்தம்.

மையத்தில் எப்போதும் தங்கியிருக்க முடியாது. பார்த்த வீடெல்லாம் தனியாக இருக்கும் பெண்ணுக்கு இல்லை என்று கைவிரித்தார்கள். அப்பா வந்து பேசினால் தருகிறேன் என்றது பகவதியப்பன் மட்டும்தான். மையத்தில் வேலை பார்க்கும் ரெஜிஷா போனில் அழைத்தபோது சுந்தர்சிங் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து இறங்கினார்.

வீட்டுச் சொந்தக்காரர் பகவதியப்பன் கீழ்வீட்டிலேயே இருப்பவர், அரிசி வியாபாரி. எந்த ஊர், எந்தச் சபை, யாருக்கு யார் உறவு என்று சுற்றி வந்து கடைசியில் கேட்டார்.

“மாப்பிள்ள எங்க இருக்காரு அண்ணாச்சி?”

“மஸ்கட்ல.”

பழகிய சொல், தடுக்காமல் வந்தது. பகவதியப்பன் முகம் தெளிந்தது.

“எனக்க மூத்தவனும் அங்கதான். மாப்பிள்ள லீவுக்கு வரட்டு, நானே கேட்டத் தொறந்து, ஒரு சாயாவும் குடுத்து மேல அனுப்புதேன்.”

சொல்லிவிட்டு சாவியை ஜெப்சியின் பக்கம் தள்ளினார். அவள் எடுக்கவில்லை. கோணலாகக் கூடியிருந்த இடது மணிக்கட்டு மடியில் கிடந்தது.

“அப்பா, அவன் வந்து நின்னா இவிய கதவத் தொறந்து உடுவாவ,” என்றாள் மெதுவாக.

சுந்தர்சிங் வெளியே பார்த்தார். நல்ல கனமான இரும்பு கேட், உள்பக்கம் பூட்டு. பகவதியப்பன் மரியாதை தெரிந்த மனிதர். மரியாதை தெரிந்த மனிதர் எவரும் மருமகனை வாசலில் நிறுத்த மாட்டார். சுந்தர்சிங்கும் நிறுத்தியதில்லை. இரண்டு முறையும் உட்காரவைத்துச் சாயா கொடுத்தார்.

“நான் சொன்னது பொய் அண்ணாச்சி,” என்றார். “அவன் மண்டைக்காட்டுப் பக்கம் ஊர்லதான் இருக்கான். எம்பிள்ள கைய ஒடிச்சவன். இவ பக்கத்துல வரப்பிடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. வந்தா கேட்டத் தொறக்கப்பிடாது. போலீசுக்குப் போன் பண்ணணும்.”

பகவதியப்பன் சாவியைத் திரும்ப எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஞானம் உள்ளே வந்தாள்.

“ஏட்டி, எந்தக் கை?”

ஜெப்சி காட்டினாள். ஞானம் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கணவனிடமிருந்து சாவியை வாங்கி அதிலேயே வைத்தாள்.

“கேட்டுச் சாவி எனக்கிட்ட இருக்கட்டு. இவரு ஆளப் பாத்ததும் சாயா குடுக்கப் போயிருவாரு. அவன் மூஞ்சி எப்பிடி இருக்கும்? போட்டோ உண்டா?”

சுந்தர்சிங்கின் போனில் இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் மாப்பிள்ளையின் தோளில் அவர் கை கிடந்தது. விரலால் அகட்டி, ஸ்டெனியின் முகம் மட்டும் தெரியும்படி பெரிதாக்கி நீட்டினார். ஞானம் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பகவதியப்பனும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் கமிட்டிச் செயலாளர் குமாரதாஸ், ஜெப்சி மஸ்கட்டில் சுகமாக இருக்கிறாளா என்று விசாரித்தார்.

“மஸ்கட்ல இல்ல. அவன விட்டுட்டு வந்துட்டா.”

பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். குமாரதாஸ் குரலைத் தாழ்த்தினார். நாம் போய்ப் பேசுவோம், இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்.

“இருக்கா,” என்றார் சுந்தர்சிங். பிறகு உள்ளே போய், முன்வரிசை பெஞ்சில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்தார்.